அட்டைப்பட மாப்பிள்ளை

செத்துப்போன அடைக்கலத்துக்கு மூக்கு முளைத்திருந்தது.

மூக்கு மட்டுமா? மூடியே கிடந்த வலது கண் திறந்திருந்தது. சுருங்கிப்போன காது விரிந்திருந்தது. கன்னம் இரண்டும் வழவழவென்று மின்னின. இலுப்பூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சவுக்குக் கம்பில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸ் பேனரில், நரைத்த தலையும் தங்க பிரேம் போட்ட கண்ணாடியுமாக ஓர் அழகான கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'ப. அடைக்கலம்'. அதற்கும் கீழே, 'படத்திறப்பு: ஞாயிறு காலை, நமது இல்லத்தில்'.

அமராவதி மாத்திரைப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். புருசன் செத்து கருமாதி முடியாமல் பொம்பளை கடைத்தெருப் பக்கம் வரக்கூடாது என்பார்கள். பிரஷர் அதையெல்லாம் கேட்காது, அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில்தான் இந்தக் காட்சி. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பொம்பளை வேறு, அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரவுகளா? என்னா லெச்சணம்!" என்று உச்சுக்கொட்டினாள்.

அமராவதி பேனருக்குக் கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். முடி நரைத்திருக்கலாம், கண்ணாடி மாட்டியிருக்கலாம். ஆனால் உதட்டின் இடது ஓரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, யாரையோ ஓரக்கண்ணால் பார்க்கிற அந்தச் சிரிப்பு அவளை ஏற்கெனவே ஒரு தடவை ஏமாற்றிய சிரிப்பு.

அது நடிகர் வசந்தராஜனின் சிரிப்பு. கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகன். கொஞ்சம் படங்கள் ஓடின, பிறகு ஆள் எங்கே போனார் என்று தெரியாது. அவர் கொடி கட்டிப் பறந்த நாளில் ஒரு வாரப் பத்திரிகை அவர் முகத்தை வண்ண ஓவியமாகத் தீட்டி அட்டையில் போட்டது. நெற்றியில் சுருண்ட ஒரு முடிக்கற்றை, கோடு கிழித்த மாதிரி மீசை, ரோசா நிறக் கன்னம். அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு இலுப்பூர் சலூன் ஒன்றில் மாட்டியிருந்தார்கள். இளவட்டமாக இருந்த அடைக்கலம் முடிவெட்டப் போகும்போதெல்லாம், படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்து, "அச்சு அசல் வசந்தராஜன்டா" என்றார்கள். ஊரே அவனை வசந்தராஜன் என்றுதான் கூப்பிட்டது. சலூன்காரர் கடையை மூடிக்கொண்டு போனபோது படத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வருசம் கல்குவாரியில் வைத்த வெடி ஒன்று வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கப் போனான் அடைக்கலம். அவன் கிட்டே போன பிறகு வெடித்தது.

உயிர் தங்கியது. முகம் தங்கவில்லை. அவனுடைய ஆத்தா வீட்டில் இருந்த கண்ணாடியை எல்லாம் எடுத்து ஒளித்துவைத்தாள். பதிலுக்கு அந்த அட்டைப்படத்தைச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டி, "இதுதான் எம்புள்ள மொகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சவரம் செய்ய வழியில்லாமல், அந்தப் படத்தின் கண்ணாடியில் தெரிகிற தன் நிழலைப் பார்த்துத்தான் அடைக்கலம் சவரம் செய்துகொண்டான். வசந்தராஜன் கன்னத்தின் மேலே தன் கன்னத்தை வைத்து.

பெண் தேடியபோதும் ஆத்தா அந்தப் படத்தையேதான் தரகரிடம் கொடுத்துவிட்டாள். பத்திரிகைப் பேரையும் விலையையும் சட்டத்துக்குள் மறைத்தாயிற்று. அந்தக் காலத்தில் ஸ்டூடியோ போட்டோவுக்கே சாயம் பூசித்தான் தருவார்கள், ஆகவே அன்னவாசல் பக்கத்து மானாவாரிக் காட்டில் கிடந்த அமராவதியின் அய்யாவுக்குச் சந்தேகம் வரவில்லை. "மாப்பிள்ளை ராசா கணக்கா இருக்காரு" என்று சொல்லி வெற்றிலை மாற்றினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இங்கே ஒரே பொய்தான், ஆயிரத்துக்குச் சமம்.

மணவறையில்தான் அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மேளக்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அவள் காதருகே குனிந்தான். "படத்துல இருக்க ஆளு நான் இல்ல. எந்திரிச்சுப் போறதுன்னா இப்பயே போயிரு. நான் வருத்தப்பட மாட்டேன்" என்றான். அமராவதி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். தரகர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் வேறு பக்கம் பார்த்தாள். அத்தனை பேரில் உண்மை பேசியவன் இந்தச் சிதைந்த முகத்துக்காரன் ஒருவன்தான். அவள் கழுத்தை நீட்டினாள். ஆத்திரத்தில் நீட்டிய கழுத்துதான், பொய் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு நாளும் அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை. மறுவீடு போய் வரும்போது முதல் வேலையாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி வந்து மாட்டினாள். படம் பரணுக்குப் போனது.

அந்தப் படம்தான் இப்போது பரணிலிருந்து இறங்கி, நரைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் வெற்றிசெல்வன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இங்கிட்டுக் கட்டு, அங்கிட்டு இழு என்று ஏவிக்கொண்டிருந்தான். அமராவதி வந்த வேகத்தைப் பார்த்துப் பந்தல்காரர்கள் விலகினார்கள்.

"தம்பி, அந்த பேனர்ல இருக்கது யாரு?"

"என்ன மதினி இப்பிடிக் கேக்குறீங்க? அண்ணன்தான்."

"எந்த அண்ணன்? ஒங்க ஆத்தாளுக்கு நான் பாக்காத இன்னொரு மகன் இருக்கானா?"

வெற்றிசெல்வன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணனுக்கு நல்ல போட்டோ ஒண்ணுமே இல்ல மதினி. அந்த வெடி மட்டும் வெடிக்காம இருந்துருந்தா அண்ணன் இப்ப இப்பிடித்தான் இருந்துருக்கும். ஸ்டூடியோ சார்லஸ் கம்ப்யூட்டர்ல வயசு கூட்டிக் குடுத்தாரு. பாத்தவுக எல்லாம் கையெடுத்துக் கும்புடுறாக."

"ஏன் போட்டோ இல்லைன்னு கேளுங்க. யாரு எடுக்க விட்டா?"

வெற்றிசெல்வன் பந்தல் கயிற்றை இழுத்துப் பார்த்தான். அவன் மகள் ஹேமாவின் சடங்கு அன்றைக்கு, பெரியப்பனாக முன்னால் நிற்க வேண்டிய அடைக்கலம் கொல்லைப்புறத்தில் சமையல்காரனுக்குத் தண்ணீர் சுமந்தான். குடும்பப் படம் எடுக்கும்போது ஆசையாக ஓரத்தில் வந்து நின்றவனை, "அண்ணே, செத்த அங்கிட்டுத் தள்ளி நில்லுண்ணே" என்று சொன்னது இதே வெற்றிசெல்வன்தான். அடைக்கலம் துண்டை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அடைக்கலம் விளைவித்த கடலைக்காயைக் கமிசன் கடைக்குக் கொண்டுபோய் விற்றதும் தம்பிதான். அந்தக் கடலைக்கு மூக்கு இருந்ததா என்று எந்த வியாபாரியும் கேட்டதில்லை.

"ஹேமாவப் பாத்துட்டுப் போனாகள்ல, அந்தச் சம்பந்தி வீட்டுக்காரவுக ஞாயித்துக்கெழமை வாராக" என்றான் வெற்றிசெல்வன். "சம்பந்திதான் படத்தத் தெறந்து வைக்கிறாரு. அவுக முன்னால அண்ணன் மொகத்த... பரம்பரை நோவுன்னு நெனச்சுட்டா என்ன பண்றது? எம்மக வாழ்க்க மதினி."

"வெடி வெடிச்சுச்சுன்னு சொல்ல வாயி இல்லையா ஒனக்கு?"

இத்தனை வருசமாக 'நீங்க' என்று பேசிய கொழுந்தனை அவள் 'ஒனக்கு' என்றதும் பந்தல்காரர்கள் கட்டுவதை விட்டுத் திரும்பினார்கள். உள்ளேயிருந்து சரவணக்குமார் ஓடிவந்தான். மகன். சிங்கப்பூரிலிருந்து அப்பனைத் தூக்கிப்போட வந்தவன், மழித்த தலையில் இன்னும் முடி சரியாக அரும்பவில்லை.

"ம்மா, விடும்மா. சித்தப்பா எங்கிட்ட வாட்ஸப்புல காட்டிட்டுத்தான் அடிச்சாரு. நல்லாத்தானம்மா இருக்கு."

அமராவதி மகனைத் திரும்பிப் பார்த்தாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதற்கு வெளியாள் எதற்கு, பெற்ற பிள்ளை போதும்.

"நல்லாருக்கா? ஒங்கப்பன் மொகம் நல்லா இல்லையா?"

"அப்பிடிச் சொல்லலம்மா. பேனர்ல அவ்வளவு பெருசாப் போட்டா சின்னப் புள்ளைக பயந்துரும்."

"நீ பயந்தியாடா?" அவள் குரல் உடைந்து, உடைந்த வேகத்திலேயே இரட்டிப்பாக எழுந்தது. "அந்த மொகத்து மேலதாண்டா நீ கன்னத்த வச்சுத் தூங்குன. மூக்கு இருந்த எடத்துல வெரல விட்டு வெளையாடுன. அவுக தும்முவாக, நீ சிரிப்ப. இஸ்கோலுக்குப் போயி நாலெழுத்துப் படிச்சப்பறந்தான ஒனக்கு அது மூஞ்சி இல்லைன்னு தெரிஞ்சுச்சு?"

சரவணக்குமார் மழித்த தலையைத் தடவிக்கொண்டான். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அப்பா வரவேண்டாம், அம்மா மட்டும் வந்தால் போதும் என்று அவன் சொன்ன நாள் இரண்டு பேருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவள் உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். கல்யாணப் படம் என்று ஒன்று எடுக்கவே இல்லை. மற்ற விசேசப் படங்களில் அவன் ஒரு முழங்கையாக, ஒரு துண்டு நுனியாக, கதவுக்குப் பின்னால் தெரிகிற பாதி வேட்டியாக இருந்தான். முகம் முழுசாக இருந்தது ஒரே ஒரு இடத்தில். ஆதார் அட்டையில்.

தாலுகா ஆபீசில் முகாம் போட்டபோது எடுத்தது. அங்கே இருந்த பெண், "துண்ட எடுங்கய்யா, நேரா இங்கிட்டுப் பாருங்க" என்று சொல்லி, முகத்தைச் சுளிக்காமல், திருப்பச் சொல்லாமல், எல்லாரையும் எடுப்பது போல எடுத்தாள். வீட்டுக்கு வந்தும் அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "கவர்மெண்டுதாண்டி என்னைய நேராப் பாத்துருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஊரில் எல்லாரும் ஆதார் படத்தில் தாங்கள் திருடன் மாதிரி இருப்பதாகப் புலம்பினார்கள். அவன் ஒருவன்தான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அமராவதி அட்டையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சார்லஸின் ஸ்டூடியோவுக்குப் போனாள். சார்லஸ் நல்ல மனுசன்தான். வாங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அட்டையை மேசையில் வைத்து, "இதுதான் எங்க வீட்டுக்காரவுக. இதப் பெருசாக்கிக் குடுங்க" என்றாள்.

சார்லஸ் அட்டையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் மஞ்சள் துணி சுற்றித் தயாராக நின்ற பெரிய படத்தைப் பார்த்தார். "ஐயையோ" என்றார். "அவரோட எளவட்டப் படம்னு சொல்லித்தானம்மா ஒங்க கொழுந்தனாரு குடுத்தாரு."

அவர் அட்டையை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். அடைக்கலத்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, முகமா சுவரா என்று தெரியாமல் போனது. "இப்ப ஏஐன்னு ஒண்ணு வந்துருக்கும்மா, தெளிவாக்கிக் குடுக்கும்" என்று ஏதோ பொத்தானைத் தட்டினார். திரையில் முகம் கூடிவந்தது. நெற்றி வந்தது. தாடை வந்தது. அப்படியே பளிச்சென்று ஒரு மூக்கும் வந்தது.

"மூக்க எடுங்க" என்றாள் அமராவதி.

மறுபடி தட்டினார். இந்தத் தடவை இன்னும் கூரான மூக்கு, கூடவே திறந்த வலது கண். எப்படித் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தும் அந்த மிசினுக்கு மூக்கில்லாத மனுசனைப் படைக்கத் தெரியவில்லை. சார்லஸுக்கு வியர்த்துவிட்டது. "அது தானாச் சரிபண்ணிருதும்மா. அதுக்கு இதெல்லாம் மிஸ்டேக்குன்னு தோணுது."

"எம்மாமியாள இதுக்குள்ள ஒக்கார வச்சிருக்கீகளா?" என்றாள் அவள்.

சார்லஸுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டாள். "பெருசாக்குனா அவுக ஒடஞ்சு போறாக. சரிபண்ணுனா வேற ஆளாப் போறாக. இந்த அளவுலதான் அவுக அவுகளா இருக்காக. விடுங்க" என்று எழுந்தாள். அட்டையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினிக்குக் கோபம் ஆறிவிட்டது என்று வெற்றிசெல்வன் நினைத்துக்கொண்டான். பாவம்.

கருமாதி நாளான ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. சம்பந்தி, அதாவது ஹேமாவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ரிப்பன் கட்டிய கத்தரிக்கோலை எல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கையாலேயே மஞ்சள் துணியை இழுத்தார். ரோசாப்பூ மாலைக்குள்ளிருந்து வசந்தராஜன் நரைத்த தலையோடு சிரித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு விசும்பல்கூடக் கேட்டது.

தலைமையாசிரியர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "இது... நம்ம வசந்தராஜன் மாதிரில்ல இருக்கு?"

"ஆமாங்கய்யா!" வெற்றிசெல்வனுக்கு முகமெல்லாம் பல். "எங்க அண்ணன அந்தக் காலத்துல ஊரே அப்பிடித்தான் சொல்லும். அச்சு அசல்!"

"மாதிரி இல்லைங்க" என்றாள் அமராவதி. "அந்தாளேதான்."

அவள் விளக்கேற்றத்தான் எழுந்து வருகிறாள் என்று எல்லாரும் வழி விட்டிருந்தார்கள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். "இந்தப் படத்தக் காட்டித்தான் எனக்குத் தாலி கட்டுனாக. இன்னைக்கு இதையே காட்டி என்னைய அறுக்கச் சொல்றாக. கட்டுனவரு அன்னைக்கே சொல்லிட்டாரு, அது நான் இல்லைன்னு. அவரு சொன்னது ஒங்க ஒருத்தர் காதுலயும் விழுகல."

"மதினி, சபையில..." வெற்றிசெல்வன் பல்லைக் கடித்தான்.

"சபையிலதான் சொல்லணும். மணவறையும் சபைதான்." அவள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். "ஐயா, எங்க வீட்டுக்காரவுக குவாரியில வெடிச்சு மூக்கும் ஒரு கண்ணும் போனவுக. நோவு இல்ல, சாபம் இல்ல. வேலைக்குப் போன எடத்துல போச்சு. அந்த முழுப் பூசணிக்காயத்தான் சோத்துல மறைக்கப் பாக்குறாக. ஹேமா தங்கமான புள்ள, அவ பெரியப்பன் மொகத்துக்காக அவள வேணாம்னு சொல்றவுகளா இருந்தா, தாராளமாச் சொல்லிட்டுப் போங்க."

அவள் முந்தியை அவிழ்த்தாள். ஆதார் அட்டையை எடுத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நெல் நிறைத்து வைத்திருந்த மரக்காலில் செருகி நிறுத்தினாள். விளக்கை ஏற்றினாள். பெரிய படத்துக்கு முன்னால் அட்டை ஒரு வெற்றிலை அளவுகூட இல்லை. அதில் முகம் கட்டைவிரல் நகத்தளவு.

சரவணக்குமார் எழுந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, அப்பாவின் நெற்றியில் பொட்டு வைக்கக் குனிந்தான்.

"வைக்காதடா" என்றாள் அமராவதி. "மொகம் மறைஞ்சுரும்."

விரல் அந்தரத்தில் நின்றது. குனிந்தவன் குனிந்தபடியே அந்த நகத்தளவு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அவள் தேற்றப் போகவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அந்தச் சந்தனத்த மேல படத்துல இருக்கவருக்கு வையி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அவரும் எப்பயோ செத்துருப்பாரு. பாவம், அவருக்கு யாரு வச்சாகளோ."

தலைமையாசிரியர் கையிலிருந்த மஞ்சள் துணியை மடித்துக் கீழே வைத்தார். செருப்பில்லாத காலோடு விளக்கருகே வந்தார். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, அட்டைக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் முகத்தைக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அதற்குப் பின்னால் பங்காளிகள், தெருக்காரர்கள், தோளில் துண்டு போட்ட கமிசன் கடைக்காரர். அடைக்கலம் எதிரே வந்தால் எச்சில் துப்புகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். குனியாமல் அவனைப் பார்க்க வழியில்லை.

கடைசியில் வெற்றிசெல்வன் மட்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"அங்கிட்டுத் தள்ளி நின்னா தெரியாது தம்பி" என்றாள் அமராவதி. "கிட்ட வாங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க."

வெற்றிசெல்வன் சம்பந்தியைப் பார்த்தான். அவர் விலகி வழி விட்டார். வெற்றிசெல்வன் வந்து குனிந்தான்.